மாவுப்பூச்சிக்குப் பெயர் சொன்னவர்

தென்காசி மாவட்டம், திருவேங்கடம் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் நமக்கு இப்படி எழுதியிருக்கிறார்:

‘‘ஐயா, எனக்கு மூணு ஏக்கர் கரிசல் புஞ்சை. புரட்டாசிப் பட்டத்துல மானாவாரியா பருத்தியும் மக்காச்சோளமும் போட்டிருக்கேன். வீட்டுக்குப் பின்னால நாலஞ்சு பப்பாளி நிக்குது. முதல்ல அதுலதான் வெள்ளையா மாவு மாதிரி ஒட்டுச்சு. இப்போ பருத்தியிலயும் ஓரத்துச் செடிகள்ல தெரியுது. கடையில கேட்டு மூணு தடவை மருந்து அடிச்சாச்சு. ஒரு வாரம் அடங்குது, திரும்ப வந்துடுது. இப்போ வேற ஒரு மருந்து சொல்றாங்க. விலை அதிகம், கடன் சொல்லித்தான் வாங்கணும். வாங்கி அடிக்கலாமா, வேண்டாமா?’’

இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால், 2009-ம் ஆண்டு வாக்கில் கொங்கு மண்டலமே இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்கு விடை கிடைத்த கதையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பூச்சியியல் விஞ்ஞானிக்கு முக்கியமான பங்கு உண்டு. அவர் பெயர் முனைவர் ரங்கசாமி முனியப்பன். அவர் கதையைச் சொல்லிவிட்டு, நம் வாசகரின் கேள்விக்கு வருகிறோம். கதை தெரிந்தால், பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

தீவில் கற்ற பாடம்

முனியப்பன் இங்கே வேளாண்மை படித்தவர். பிறகு அமெரிக்கா சென்று, ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் நெடுங்காலம் வேலை பார்த்த இடம், பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் இருக்கும் குவாம் என்ற சின்னத் தீவு. அங்கிருக்கும் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்.

தீவு என்பது பூச்சியியல் படிக்க நல்ல இடம். வெளியிலிருந்து ஒரு களையோ, பூச்சியோ கப்பலிலோ விமானத்திலோ வந்து இறங்கினால், அது பெருகுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். சொந்த ஊரில் அதை அடக்கிவைத்திருந்த எதிரிகள் அதனுடன் வருவதில்லை. தின்ன ஆள் இல்லாததால் தறிகெட்டுப் பெருகும். அப்படியானால் தீர்வு என்ன? அதன் சொந்த ஊருக்கே போய், அங்கே அதைத் தின்பது எது என்று கண்டுபிடித்து, சோதித்துப் பார்த்து, கொண்டுவந்து விடுவதுதான். முனியப்பன் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் சுருக்கம் இதுதான்.

குவாமில் அவர் கைவைத்த பெரிய வேலைகளில் ஒன்று, குரோமோலேனா என்ற களை. கேரளத்தில் ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்று சொல்வார்களே, அதேதான். இந்தியாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வரவழைத்த ஒரு அந்துப்பூச்சியை 1980-களின் நடுவில் குவாமில் விட்டார்கள். அதன் புழுக்கள் அந்தச் செடியின் இலைகளைத் தின்று, பரந்து கிடந்த புதர்களை அடக்கின.

இந்த முறை நம் பகுதிக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் தென்தமிழகத்து மேய்ச்சல் நிலங்களையும் காடு கரைகளையும் சப்பாத்திக்கள்ளி அடைத்துக்கொண்டு கிடந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்து தென்னிந்தியாவில் விட்டார்கள். அதுவும் பார்ப்பதற்கு வெள்ளை மாவு அப்பியதுபோலத்தான் இருக்கும். மாவுப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம். அந்தப் பூச்சி கள்ளியின் சாற்றை உறிஞ்சி, புதர் புதராகக் காயவைத்தது. ஒரு பூச்சி பகையாவதும் துணையாவதும் அது எதைத் தின்கிறது என்பதைப் பொறுத்தது.

2002-ல் குவாம் தீவின் பப்பாளி மரங்களில் ஒரு புது மாவுப்பூச்சி தென்பட்டது. அதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அதை அடக்கும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை, அமெரிக்க வேளாண் துறை போர்ட்டோ ரிக்கோ தீவிலிருக்கும் ஆய்வகத்தில் வளர்த்துக்கொண்டிருந்தது. அவற்றைக் குவாமுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஓராண்டுக்குள் மாவுப்பூச்சி 99 சதவிகிதத்துக்கும் மேல் குறைந்தது. அடுத்த ஆண்டு பக்கத்திலுள்ள பலாவு நாட்டிலும் அதே வேலை நடந்தது. இரண்டு இடத்திலும் முனியப்பன் பங்கெடுத்தார். அந்தப் பூச்சியின் நடை, உடை, பாவனை எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது இப்படித்தான்.

கோவையில் கண்டது

2006-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில், வளரும் நாடுகளுக்கான ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இயக்குநரானார் முனியப்பன். அந்தத் திட்டம் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து வேலை செய்தது.

2008 ஜூலையில் கோவையில் பப்பாளி மரங்களில் அப்பியிருந்த மாவுப்பூச்சியை அவர் பார்த்தார். குவாமில் பார்த்த அதே பூச்சி. அதே ஆண்டு இந்தோனேசியாவிலும் அதைக் கண்டார். அவரும் சக விஞ்ஞானிகளும் மாதிரிகளை ஆராய்ந்து, ‘இது பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது’ என்று பதிவு செய்தார்கள்.

‘பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது, மருந்தைச் சொல்லுங்கள்’ என்று நினைக்கத் தோன்றும். ஆனால், எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மாவுப்பூச்சியில் எத்தனையோ வகை உண்டு. ஒரு வகையை அடக்கும் குளவி, இன்னொரு வகையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெயர் தவறினால், கடல் கடந்து கொண்டுவரும் குளவியும் வீண். பெயர் சரியாகத் தெரிந்துவிட்டால், அதன் சொந்த ஊர் தெரியும். ஊர் தெரிந்தால், அதன் எதிரியும் தெரியும்.

ஒரு செடியல்ல, ஊரே வெளுத்தது

அடுத்த ஓராண்டில் அந்தப் பூச்சி கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் பரவியது. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, கொய்யா, பருத்தி, செம்பருத்தி, காட்டாமணக்கு எனப் பார்த்ததில் எல்லாம் ஏறியது. வரப்போரத்துத் துத்தியும் பார்த்தீனியமும் அதற்குத் தங்கும் மடங்கள் ஆகின.

பப்பாளியில் குருத்து சுருண்டது. காய்கள் மீது மாவு அப்பி, அதன் மேல் கரும்பூசணம் படிந்து, சந்தையில் விலை போகவில்லை. அதைவிட மோசம் பட்டுப்புழு வளர்த்தவர்களின் நிலைமை. பப்பாளிக்காரர் மருந்தாவது அடித்துப் பார்க்கலாம். மல்பெரிக்கு மருந்து அடித்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துவிடும். அடிக்காவிட்டால் இலையே இல்லை. வேறு வழியில்லாமல் மல்பெரித் தோட்டத்தை அழித்தவர்களும் உண்டு.

மருந்து அடித்தவர்களுக்கும் பலன் இல்லை. காரணங்கள் நான்கு:

ஒன்று, மாவு என்று நாம் பார்ப்பது மெழுகு. மருந்துத் தண்ணீர் அதில் ஒட்டாமல் வழிந்துவிடும்.

இரண்டு, பூச்சியின் முட்டைகள் பஞ்சு போன்ற பைக்குள் இருக்கும். ஒரு தாய்ப்பூச்சி 100-லிருந்து 600 முட்டை வரை இடும். தாயைக் கொன்றாலும் முட்டை பிழைக்கும்.

மூன்று, நம் வயலில் அடிக்கிறோம். வரப்பிலும் ரோட்டோரத்திலும் களையில் இருப்பதை யார் அடிப்பது? அங்கிருந்து மறுபடியும் வரும்.

நான்கு, அடிக்கிற மருந்து பொறிவண்டையும் குளவியையும் முதலில் கொல்லும். மிஞ்சிய மாவுப்பூச்சிக்கு எதிரி இல்லாமல் போகும்.

நம் திருவேங்கடம் வாசகர் எழுதிய ‘ஒரு வாரம் அடங்குது, திரும்ப வந்துடுது’ என்ற வரிக்கு விளக்கம் இதுதான்.

விமானத்தில் வந்த குளவி

பெயர் தெரிந்துவிட்டதால், வழியும் தெரிந்திருந்தது. போர்ட்டோ ரிக்கோவில் இருக்கும் குளவிகள் வேண்டும். ஆனால், வெளிநாட்டு உயிரினத்தை நினைத்த மாத்திரத்தில் கொண்டுவந்து விட முடியாது, விடவும் கூடாது. கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி 1935-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரை, வண்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்று, இன்றுவரை அந்த நாட்டுக்குத் தீராத தலைவலியாக இருக்கிறது. அதனால்தான் அரசு அனுமதி, தனிமைப்படுத்திய ஆய்வகம், ‘இது வேறு எதையாவது தாக்குமா’ என்ற சோதனை என்று பல படிகள் வைத்திருக்கிறார்கள்.

முனியப்பனின் திட்டம் இரு நாட்டு நிறுவனங்களையும் இணைக்கும் வேலையில் துணை நின்றது. 2010 ஜூலையில் அமெரிக்க வேளாண் துறை அனுப்பிய மூன்று வகைக் குளவிகள் பெங்களூரு வந்தன. வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு மையம் அவற்றைத் தனிமையில் வைத்துச் சோதித்தது. 2010 அக்டோபரில் கோவையில் தோட்டங்களில் விடத் தொடங்கினார்கள்.

மூன்றில் நன்றாகக் காலூன்றியது ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற குளவி. குளவி என்றதும் கொட்டுமோ என்று பயப்பட வேண்டாம். எள்ளில் கால்வாசிகூட இருக்காது. மனிதரைக் கொட்டத் தெரியாது. அது மாவுப்பூச்சியின் குஞ்சைத் தேடிப்பிடித்து அதன் உடம்புக்குள் முட்டையிடும். குளவியின் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி ஊதிப்போய், பழுப்பு நிறக் கூடாக இறுகிவிடும். அந்தக் கூட்டில் ஓட்டை போட்டுக்கொண்டு புதுக் குளவி வெளியே வரும். அடுத்த பூச்சியைத் தேடிப் போகும். வரப்பு, வேலி, ரோட்டோரம் என்று நம் கை எட்டாத இடத்துக்கெல்லாம் போகும்.

முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், பட்டு வளர்ச்சித் துறை எனப் பல கைகள் சேர்ந்து அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் விட்டன. விட்ட இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கியது. மல்பெரி துளிர்த்தது.

இதனால் மிச்சமான தொகையைப் பிறகு பொருளாதார வல்லுநர்கள் கணக்கிட்டார்கள். முனியப்பனும் இணைந்த அந்த ஆய்வு 2014-ல் வெளியானது. முதல் ஆண்டில் மட்டும் 12 கோடி முதல் 31 கோடி டாலர் வரையும், ஐந்து ஆண்டுகளில் 52 கோடி முதல் 134 கோடி டாலர் வரையும் இந்தியாவுக்கு மிச்சம் என்று அது சொன்னது. குளவிக்கு எந்த விவசாயியும் ஆண்டுதோறும் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஒருமுறை நிலைத்துவிட்டால், அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்யும். நாம் அதைக் கொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூச்சியின் பெயர் தெரிந்தது 2008-ல். குளவி தோட்டத்துக்கு வந்தது 2010 கடைசியில். இடைப்பட்ட இரண்டு ஆண்டு நஷ்டமும் விவசாயிகளின் தலையில்தான் விழுந்தது. சோதனைகளைச் சுருக்க முடியாது. ஆனால், புதுப்பூச்சியை எவ்வளவு சீக்கிரம் கண்டு சொல்கிறோமோ, அவ்வளவு சீக்கிரம் அந்த வேலை தொடங்கும். முதலில் பார்ப்பது பெரும்பாலும் விஞ்ஞானி இல்லை, நாம்தான்.

அடுத்தடுத்து வந்த விருந்தாளிகள்

பப்பாளி மாவுப்பூச்சியோடு கதை முடியவில்லை. 2018-ல் கர்நாடகாவில் மக்காச்சோளப் படைப்புழு தென்பட்டது. அந்த ஆண்டே தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. கரிசலில் மக்காச்சோளம் போட்டவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதே புழு ஆப்பிரிக்காவையும் ஆட்டிப்படைத்தபோது, அதன் முட்டைகளுக்குள் முட்டையிடும் ‘டெலினோமஸ்’ குளவியை உள்ளூரிலேயே வளர்க்க அங்குள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்த வேலையில் முனியப்பனின் திட்டமும் இருந்தது.

2020-ல் மரவள்ளிக்கு இன்னொரு மாவுப்பூச்சி வந்தது. பப்பாளிப் பூச்சிக்கு வந்த குளவி இதற்கு ஆகாது. இந்த மரவள்ளிப் பூச்சியை ஆப்பிரிக்காவில் 1980-களில் அடக்கியவர் ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி. தென் அமெரிக்காவில் அதன் எதிரியைக் கண்டறிந்து கொண்டுவந்து விட்டார்கள். கோடிக்கணக்கான மக்களின் உணவு காப்பாற்றப்பட்டது. அதற்காக 1995-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். இங்கேயும் முதலில் பெயர், அப்புறம் ஊர், கடைசியில்தான் எதிரி.

திருவேங்கடம் வாசகருக்கு…

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். கடன் சொல்லி நாலாவது மருந்தை வாங்க வேண்டாம். முதலில் ஒரு நாள் காலையில், கையில் ஒரு பூதக்கண்ணாடியுடன் செடிகளைப் பாருங்கள்.

பப்பாளியில் இருப்பதும் பருத்தியில் இருப்பதும் ஒரே பூச்சியா என்று கவனியுங்கள். பப்பாளி மாவுப்பூச்சியின் உடம்பு மஞ்சள் நிறம். நசுக்கினால் மஞ்சளாகச் சாறு வரும். பருத்தியில் வழக்கமாக வரும் மாவுப்பூச்சிக்கு, முதுகில் மாவு இல்லாத கறுப்புத் திட்டுகள் வரிசையாகத் தெரியும். அது வேறு வகை. அதற்கும் தனியாக ஒரு ஒட்டுண்ணிக் குளவி நம் நாட்டிலேயே இருக்கிறது.

மாவுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் உப்பிய கூடுகள், அதில் சின்ன ஓட்டை தெரிகிறதா? அப்படியானால், குளவி வந்துவிட்டது. அந்த இடத்தில் எந்த ரசாயன மருந்தும் அடிக்காதீர்கள்.

மாவுப்பூச்சியைப்போலவே வெள்ளை இழைகளுடன், ஆனால் பெரிதாகவும் வேகமாக ஓடுவதாகவும் ஒரு புழு இருந்தால், அதை நசுக்கிவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ‘கிரிப்டோலேமஸ்’ பொறிவண்டின் குஞ்சு.

எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக வரும் எறும்பு, குளவியை அண்டவிடாது. எறும்புப் புற்றைக் கண்டுபிடித்து அப்புறப்படுத்துங்கள்.

மாவு அதிகமாக அப்பிய குருத்துகளையும் செடிகளையும் ஒடித்து, சாக்கில் போட்டு எடுத்துப்போய் அழியுங்கள். வயலில் இழுத்துக்கொண்டு போனால், வழியெல்லாம் பரவும். வரப்பிலுள்ள துத்தி, பார்த்தீனியத்தைப் பிடுங்குங்கள். பப்பாளியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதிப் பூச்சி உதிரும். அப்படியும் மிஞ்சினால், தாக்கிய செடிகளுக்கு மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலுடன் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.

பூச்சி ஒட்டிய குருத்து ஒன்றைக் காகிதப் பையில் போட்டுக் கட்டி, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி ஆகிய மூன்றும் உங்களுக்குப் போய்வரும் தூரம்தான். ‘இதற்கு என்ன மருந்து?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘இதன் பெயர் என்ன, இதற்குக் குளவி இருக்கிறதா?’ என்று கேளுங்கள்.

2008-ல் கோவையில் முனியப்பன் செய்ததும் அதைத்தான். நின்று பார்த்தார், பெயரைச் சொன்னார். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.